மேகம் போடலாம், ஆளைத் தூக்கலாமா? (திருச்சியில் ஸ்லைடு ஷோ வந்த கதை)

எந்த ஸ்லைடு ஷோ மென்பொருளைத் திறந்தாலும் டிரான்சிஷன்னு ஒரு நீளப் பட்டியல் இருக்கும். பக்கம் புரளும், கதவு திறக்கும், கட்டம் கட்டமா உதிரும். கல்யாண வீடியோக்காரர்கள் புண்ணியத்துல இதய வடிவத்துல கூட விரியும் :-) எல்லாத்தையும் ஒரு தடவை சொடுக்கிப் பார்த்துட்டு கடைசியில முக்கால்வாசிப் பேர் வந்து நிக்கறது ஒரே இடத்துலதான். டிசால்வ். ஒரு படம் மங்கிக்கிட்டே போகும், அதுக்குள்ளேர்ந்தே அடுத்த படம் தெளிஞ்சு வரும். கண்ணை உறுத்தாது.

இந்த வார்த்தையை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடிக்கலை. சினிமாக்காரர்களும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுல மேஜிக் லாந்தர் காட்டினவங்க வச்ச பேர். ரெண்டு விளக்குப் பெட்டியை ஒரே திரையைப் பார்த்து வச்சு, ஒண்ணோட வெளிச்சத்தைக் குறைச்சுக்கிட்டே இன்னொண்ணை ஏத்துவாங்க. கோடைக்காலத் தோட்டம் அப்படியே பனிக்காலத் தோட்டமா மாறும். அதைப் பார்க்கவே லண்டன்ல காசு குடுத்துக் கூட்டம் கூடியிருக்கு. இன்னிக்கு நம்ம மவுஸ்ல ஒரு சொடுக்கு.

தாத்தாவோட சதாபிஷேகத்துக்கு ஸ்லைடு ஷோ பண்ணித்தர்றேன்னு ஸ்ரீரங்கத்து வீட்டுல ஒத்துக்கிட்டேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய போட்டோவைக் கொண்டுவந்து கொட்டினாங்க. ஸ்கேன் பண்றது, கறை எடுக்கறது, வரிசைப்படுத்தறதுன்னு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்தப்பதான் இந்த வேலைக்கெல்லாம் பூர்வீகம் எதுன்னு தேட ஆரம்பிச்சேன். படங்களை அடுக்கு அடுக்கா வைக்கறது, திருத்தறது, ஒட்டி நீளமாக்கறது, திரையில காட்டறது. இந்த நாலுல முதலாவதும் ரெண்டாவதும் கடைசியும் நம்ம திருச்சியிலேயே அகப்பட்டுது. மூணாவதுக்கு தஞ்சாவூர் வரைக்கும் போகணும். அதுவும் திருச்சியைப் படமெடுத்த அதே ஆள் கைவேலைதான்.

முதல்ல அடுக்கு. ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. அதுல லேயர் வசதி வந்தது 1994-ல், மூணாவது பதிப்புல. கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கீழே இருக்கறது தெரியற மாதிரி வேலை செய்யறது. இதே வேலையை நிஜமான கண்ணாடித் தாள்லயே செஞ்சவங்க இருந்தாங்க. கண்ணாடின்னு சொல்றேனே தவிர அது அபிரகம், அதாவது மைக்கா. நம்ம பாட்டிகள் பாஷையில காக்காப்பொன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல அபிரகத் தகட்டுல ஓவியம் தீட்டி விக்கறது ஒரு தொழில். வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா, காசி. தெற்கே அதுக்குப் பேர் போன ஊர் திருச்சி. வாங்கறது பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பட்டாளத்துக்காரனும் கலெக்டர் ஆபீஸ் துரையும் ஊருக்கு அனுப்பற ஞாபகார்த்தப் பொருள். உள்ளங்கை அளவுத் தகடு, லேசு, கப்பல்ல அனுப்பச் சுலபம். என்ன வரைவாங்க? சாமி, தேர், திருவிழா, அப்புறம் 'தொழில்களும் ஜாதிகளும்'. தண்ணி தூக்கறவர், துணி வெளுக்கறவர், சிப்பாய், பூசாரி, நடனமாடற பெண். ஒரு டஜன், ரெண்டு டஜன்னு தொகுப்பா விற்பனை. இன்னிக்கும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மாதிரி இடங்கள்ல இருக்கு. நிறம் அப்படியே பளிச்சுன்னு இருக்கும், ஆனா தகடு ஏடு ஏடா உரிஞ்சு விரிசல் விட்டிருக்கும். மைக்காவோட குணம் அது.

இந்த ஓவியங்கள்ல ஒரு வகையைப் பார்த்துதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடியில ஒரு அட்டை. அதுல ஒரு முகம் மட்டும் வரைஞ்சிருக்கும். கூடவே ஒரு கத்தை அபிரகத் தகடு. ஒவ்வொண்ணுலயும் தலையில்லாத உடம்பு, வேற வேற உடுப்போட. எந்தத் தகட்டை அட்டை மேல வைக்கறீங்களோ, அந்த முகம் அந்த ஆளா ஆகிடும். ஒரு தடவை சிப்பாய். தகட்டை எடுத்து அடுத்ததை வச்சா வண்ணான். அடுத்ததை வச்சா பிராமணன். சீமையில வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஒவ்வொண்ணா மாத்தி மாத்திக் காட்டியிருப்பாங்க. லேயரும் ஆச்சு, ஸ்லைடு ஷோவும் ஆச்சு.

சாமர்த்தியமான விளையாட்டுதான், மறுக்கலை. ஆனா கொஞ்சம் யோசிச்சா நெருடுது. அத்தனை பேருக்கும் ஒரே முகம். உடுப்புதான் ஆளு. தண்ணி தூக்கறவருக்குன்னு ஒரு மூக்கோ ஒரு தழும்போ ஒரு பேரோ கிடையாது. வரைஞ்சவர் திறமையில குறைச்சல் இல்லை. வாங்கறவருக்கு அது தேவைப்படலை, அவ்வளவுதான். பார்க்கறவருக்கு வேண்டாதது படத்துலேர்ந்து தானா விழுந்துடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இந்தத் தொழிலை 1860-களுக்கு அப்புறம் சாகடிச்சதுல பெரிய பங்கு புகைப்படத்துக்கு. ஞாபகார்த்தம் வேணும்னா படம் கிடைக்குதே! அந்தக் கேமரா திருச்சிக்குள்ள நுழைஞ்ச கதையில முக்கியமான ஆள் லின்னேயஸ் ட்ரைப்.

ட்ரைப் 1822-ல் இங்கிலாந்தில் டெவன்போர்ட்ல பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் பட்டாளத்துல அதிகாரி. போட்டோ எடுக்கறது அவரா கத்துக்கிட்டது. 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855-ல் பர்மா ராஜா கிட்ட போன தூதுக்குழுவோட போய் அங்கே எடுத்தார். அதுல மயங்கி மெட்ராஸ் அரசாங்கம் 1856-ல் அவரை மாகாணத்தோட அதிகாரபூர்வப் புகைப்படக்காரரா நியமிச்சுது. 1857 டிசம்பர்ல பெங்களூர்லேர்ந்து தெற்கே கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கலை. இந்த மனுஷன் மாட்டு வண்டியில கேமராவையும் மருந்துப் புட்டிகளையும் ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு 1858 ஏப்ரல் வரைக்கும் சுத்தியிருக்கார். அந்த வருஷமே ஊர் வாரியாத் தொகுப்பு தொகுப்பா வெளியாச்சு. ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணு, திருச்சிக்கு ஒண்ணு.

அப்ப இருந்த ஸ்ரீரங்கத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இன்னிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும் அண்ணாந்து பார்க்கற தெற்கு ராஜகோபுரம் அப்ப கிடையாது. அடிநிலை மட்டும் மொட்டையா நின்னுது. 236 அடிக்கு எழும்பி முடிஞ்சது 1987 மார்ச்சுலதான். தாத்தாவோட இளமைக்காலப் படங்கள்லயும் அந்த மொட்டைக் கோபுரம்தான். நூறு வருஷத்துக்கு மேல இடைவெளி, ஆனா அந்த விஷயத்துல எங்க பிஸ்கட் டப்பாவும் ட்ரைப் காலத்து ஊரும் ஒரே மாதிரி.

சரி, எடிட்டிங்குக்கு வருவோம். ட்ரைப் பயன்படுத்தினது மெழுகுக் காகித முறை. காகிதத்தையே மெழுகுல ஊறவச்சு, வெள்ளி உப்பு ஏத்தி நெகட்டிவ் ஆக்கறது. அந்தக் காலத்துல புதுசா வந்த ஈரக் கண்ணாடித் தகடு முறை இன்னும் கூர்மையா விழும், ஆனா அதை எடுக்கற இடத்துலயே பூசி, காயறதுக்குள்ள எடுத்து, உடனே கழுவணும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துக்கிட்டுப் போகலாம். மாசக்கணக்கா மாட்டு வண்டியில போறவருக்கு அதுதான் சரி.

பிரச்சனை ஆகாயத்துல. அன்றைய ரசாயனங்களுக்கு நீல நிறம் ரொம்ப சுறுசுறுப்பா ஏறும். மலைக்கோட்டைக் கல்லு சரியா விழற வரைக்கும் திறந்து வச்சா, மேலே வானம் அளவுக்கு மீறி வாங்கிக்கும். அச்செடுத்தா வெறும் வெள்ளை, இல்லேன்னா காகிதத்தோட திட்டுத் திட்டு. காத்துல ஆடற மரம் வேற மங்கலாப் போயிடும். ட்ரைப் என்ன பண்ணினார்னா, நெகட்டிவ் மேலேயே தூரிகையால வண்ணம் பூசினார். பூச்சு பட்ட இடத்துல வெளிச்சம் ஊடுருவாது, அச்சுல அது வெள்ளை மேகம். பூசாத இடம் லேசா சாம்பல் ஏறி வானம். மரத்துக்கும் அப்படியே அங்கங்கே இலை தொட்டு வச்சார். அவரோட நெகட்டிவ்கள் இங்கிலாந்துல இன்னும் இருக்கு, அந்தப் பூச்சோட.

ஆக, ட்ரைப் தொகுப்புகள்ல நம்ம ஊர் மேல அழகா மிதக்கற மேகத்தைப் பார்த்தா உடனே நம்பிடாதீங்க. அது கேப்டன் துரை கையால போட்டதா இருக்கலாம் :-)

ஏமாத்து வேலையான்னு கேட்டா, எனக்கு அப்படித் தோணலை. வானத்துல என்னவோ இருந்தது, கருவியால அதைப் பிடிக்க முடியலை, இவர் கையால ஈடு கட்டினார். கோபுரத்துல ஒரு நிலையைக் கூட்டலை. மொட்டையா நின்னதை முடிச்சுக் காட்டலை. கல்லுல கை வைக்காம ஆகாயத்துல மட்டும் வச்சார்.

கல்லு மேல அவருக்கு இருந்த மரியாதை தெரியணும்னா தஞ்சாவூர் போகணும். பெரிய கோயில் விமானத்தோட அடித்தளம் பூரா ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஒரு படத்துக்குள்ள அடங்காது. ட்ரைப் கேமராவைப் பக்கவாட்டுல நகர்த்தி நகர்த்தி வரிசையாப் படம் எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே சுருளா ஆக்கினார். நீளம் சுமார் 19 அடி! இப்ப செல்போனை இடம் வலமா ஆட்டினா ஒரு செயலி தானா பொருத்திக் குடுக்குது. 1858-ல் ஒவ்வொரு தடவையும் அதே தூரம், அதே மட்டம் பார்த்து, வெளிச்சம் மாறறதுக்குள்ள எடுத்து, அப்புறம் எழுத்து உடையாத மாதிரி வெட்டி ஒட்டணும். எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணுங்கறதுதான் நோக்கம். அழகுக்கு எடுத்த படம் இல்லை.

அந்தக் கோயில் கல்வெட்டுகளைச் சொல்லும்போது ஒண்ணைச் சொல்லாம நகர முடியலை. திருச்சுற்று மாளிகைப் பக்கம் வேறொரு சுவர்ல 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பட்டியல் இருக்கு. கோயில்ல ஆட, பாட, பல ஊர்லேர்ந்து கொண்டுவந்து குடியேத்தினவங்க. ஒவ்வொருத்தருக்கும் பேர், எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தவர், எந்தத் தெருவோட எந்தச் சிறகுல எத்தனாவது வீடு, எல்லாம் வெட்டியிருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல்லு. ராஜா உத்தரவுலதான் வந்தாங்க, விருப்பப்பட்டு வந்தாங்களாங்கறது வேற விஷயம். ஆனா பேர் இருக்கு. எண்ணூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு அபிரகத் தகட்டுல வந்த 'நடனமாடற பெண்ணுக்கு' அது கிடையாது.

இதே பயணத்துல ட்ரைப் ஸ்டீரியோ படங்களும் எடுத்தார். திருச்சி, தஞ்சாவூர், சுத்துப்பட்டு இடங்கள். ரெண்டு கண்ணுக்கு ரெண்டு படம், கருவிக்குள்ள பார்த்தா கோயில் முன்னாடி வந்து நிக்கும். சின்ன வயசுல பொருட்காட்சியில கண்ணுல வச்சு 'டொக்'குன்னு தட்டிப் பார்த்த வியூ மாஸ்டருக்கு முப்பாட்டன்.

1859-ல் மெட்ராஸுக்குப் புது கவர்னர் வந்தார், சார்லஸ் ட்ரெவெல்யன். கிளர்ச்சிக்கு அப்புறம் கஜானா காலி. இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு ட்ரைப்போட போட்டோ அலுவலகத்தையே மூடச் சொல்லிட்டார். (அடுத்த வருஷமே ட்ரெவெல்யனை லண்டன் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. வருமான வரியை எதிர்த்துப் பகிரங்கமா எழுதினதுக்காக. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.) மாகாணம் முழுக்கப் படமெடுக்கணும்னு திட்டம் போட்ட ட்ரைப் பட்டாள வேலைக்குத் திரும்பி, அதுக்கப்புறம் கேமராவைத் தொட்டதே அபூர்வம். 1902-ல் இறந்தார். அவர் உதவியாளர் ஐயாசாமி சென்னைத் தொழிற்கலைப் பள்ளி மூலமா வேலையைத் தொடர்ந்தார். நீலகிரி மக்களைப் பத்தி 1873-ல் வந்த பிரீக்ஸ் புத்தகத்துல இருக்கற படங்கள் அவரோட சேர்ந்து வர்றவைதான். ட்ரைப்புக்கு 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன்ல பெரிய கண்காட்சி நடந்தது. ஐயாசாமிக்கு எப்போன்னு தெரியலை.

இப்ப பிஸ்கட் டப்பா. 1988-ல் எங்க வீட்டுத் திண்ணையில எடுத்த ஒரு படம். தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்காங்க, பின்னாடி அப்பா, சித்தப்பா, நடுவுல அத்தை. அஞ்சாறு வருஷம் கழிச்சு அத்தை தானா ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஜாதி வேற. அதோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. அவங்க இருக்கற போட்டோ இந்த ஒண்ணுதான் டப்பால மிச்சம் இருந்தது. சித்தப்பா என் பின்னாடி நின்னு திரையைப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்: "இதுல அவளை மட்டும் எடுத்துடேன்டா. பின்னாடி வெறும் தூணும் சுவரும்தானே, உனக்கு எவ்வளவு நேரம் ஆகப்போறது?"

நிஜந்தான். பத்து நிமிஷ வேலை. குளோன் ஸ்டாம்ப்பை எடுத்துத் தூணை நகலெடுத்துத் தேய்ச்சா, அங்கே ஒரு ஆள் நின்னதுக்கு அடையாளமே இருக்காது. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். "கறை எடுக்கறேன் சித்தப்பா, மங்கினதைத் தெளிவாக்கறேன், மேல வெள்ளையாப் போன இடத்தைச் சரி பண்றேன். ஆளை எடுக்க மாட்டேன். வேணும்னா படத்தையே விட்டுடலாம்." அவர் ஒண்ணும் சொல்லலை. படத்தை விடச் சொல்லவும் இல்லை. தாத்தா பாட்டி சேர்ந்து சிரிக்கற படம் வேற இல்லியே!

நம்ம ஊர் ஸ்டூடியோக்கள்ல இதுக்கு நேர் எதிர் வேலைதான் ரொம்ப நாளா நடந்தது. சேர்க்கறது. செத்துப்போன புருஷன் படத்தைத் தனியா இருக்கற மனைவி பக்கத்துல ஒட்டி, மறுபடி எடுத்து, தூரிகையால இணைப்பை மறைச்சுத் தருவாங்க. நெகட்டிவ்ல பென்சிலால அம்மைத் தழும்பை மெழுகுவாங்க, கறுப்பு வெள்ளைப் படத்துல புடவைக்கும் உதட்டுக்கும் கையால நிறம் ஏத்துவாங்க. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள்லேர்ந்து இந்த மாதிரிப் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செஞ்சிருக்காங்க. ஒட்டு வேலை பச்சையாத் தெரியற படங்களும் இந்த ரகத்துல நிறைய உண்டு, நிழல் கூடப் பொருந்தாது. வீட்டுக் கூடத்துல மாட்டினவங்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான் மாட்டினாங்க.

இதுவரைக்கும் சொன்னது படத்தைத் தயார் பண்ற கதை. காட்டறது வேற வித்தை. அதுக்கு ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும்.

மேஜிக் லாந்தர் இந்தியாவுக்கு வந்ததும் முதல்ல நல்லாப் பயன்படுத்திக்கிட்டவங்க மிஷனரிகள். ஊர் ஊரா வெள்ளை வேட்டியைக் கட்டி, மண்ணெண்ணெய் விளக்குல ஏசு கதையைக் காட்டினாங்க. நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? பம்பாய் பக்கத்துல கல்யாண் ஊரைச் சேர்ந்த மகாதேவ் பட்வர்தன் 1892-ல் 'சாம்பரிக் கரோலிகா'ன்னு ஒண்ணைத் தொடங்கினார். ராமாயணம், மகாபாரதக் கதைகள். கண்ணாடியில கையால வரைஞ்ச ஸ்லைடுகள், ஒரே பாத்திரத்துக்குக் கை கால் கொஞ்சம் கொஞ்சம் மாறின பல ஸ்லைடு. வேகமா மாத்தினா ஆள் அசையற மாதிரி இருக்கும். கூடவே கதை சொல்றவர், பாட்டு. அவருக்கு அப்புறம் பிள்ளைகளும் நடத்தினாங்க.

இந்தக் காட்சியில எனக்குப் பிடிச்சது என்னன்னா, வேகம் காட்டறவர் கையில. கூட்டம் அழுதா அந்த ஸ்லைடை எடுக்காம வச்சிருக்கலாம். குழந்தைகள் கொட்டாவி விட்டா அடுத்ததுக்குத் தாவலாம். நம்ம ஸ்லைடு ஷோவுல படத்துக்கு நாலு வினாடின்னு போட்டு, பின்னாடி ஒரு பாட்டையும் தைச்சு வீடியோவா ஆக்கிட்டா இந்த வசதி போயிடும். நான் அதனால வீடியோவா ஆக்காம, மடிக்கணினியில நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணாத் தட்டினேன். சதாபிஷேகத்தன்னிக்கு அந்தத் திண்ணைப் படம் வந்ததும் பாட்டி கையைத் தூக்கி "அது இருக்கட்டும்டா கொஞ்சம்" னாங்க. இருந்தது. மண்டபத்துல பேச்சு அடங்கிப் போச்சு. எவ்வளவு நேரம்னு நான் பார்க்கலை. சித்தப்பா எழுந்து போகலை, அதை மட்டும் பார்த்தேன்.

லாந்தருக்கு அப்புறம் அசையும் படம். பம்பாய்ல 1896 ஜூலை 7 அன்னிக்கு லூமியே சகோதரர்களோட ஆள் வந்து காட்டினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. திருச்சிக் கதை 1905. கோயமுத்தூர்ல 1883-ல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில ரயில்வே ஆபீஸ்ல படம் வரையற குமாஸ்தா. (பொன்மலைப் பட்டறையில வேலை பார்த்தார்னு சில பேர் எழுதறாங்க. பட்டறை நாகப்பட்டினத்துலேர்ந்து பொன்மலைக்கு வந்ததே 1928-ல்தான்.) டுபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிக்கிட்டுத் திருச்சி வந்த இடத்துல உடம்புக்கு முடியாம, எல்லாத்தையும் வித்துட்டு ஊருக்குப் போகணும்னு நின்னார். ப்ரொஜெக்டரும் கையில இருந்த படச்சுருள்களும் சேர்ந்து சுமார் 2000 ரூபாய். வின்சென்டுக்கு மாசச் சம்பளம் 25 ரூபாய். கணக்குப் போடுங்க, 80 மாசச் சம்பளம், சாப்பிடாம இருந்தா!

22 வயசுப் பையன் எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கிட்டார், ரயில்வே வேலையையும் விட்டார். இதை எந்த அப்பா அம்மா ஒத்துக்குவாங்கன்னு நினைச்சா எனக்கு மூச்சு முட்டுது. நான் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு மாறவே ஆறு மாசம் யோசிக்கற ஜாதி.

வாங்கின படங்கள்ல முக்கியமானது ஏசுநாதரோட வாழ்க்கை. திருச்சியில கூடாரம் போட்டுக் காட்டினார். கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கற ஊர். அதோட லாந்தர் படத்துல ஏசு கதை பார்த்துப் பழகின ஜனம் இங்கே ஏற்கெனவே இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. புதுக் கருவியில தெரிஞ்ச கதை. படம் ஊமைப்படம், அதனால யாராவது நின்னு விளக்கணும். அந்த விஷயத்துல லாந்தர் காலத்து வழக்கம் அப்படியே சினிமாக் கொட்டகைக்குள்ளயும் வந்தது. அப்புறம் வின்சென்ட் ரயில் ஏறிட்டார். தெற்கு முழுக்க, வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டியும் கூடாரம் போட்டார். கம்பெனிக்கு அவர் வச்ச பேரு 'எடிசன் கிராண்ட் சினிமா மெகாஃபோன்'. படம் பிரெஞ்சு, பேரு அமெரிக்கா, முதலாளி கோயமுத்தூர். விளம்பரம்னா இப்படி இருக்கணும்!

1914-ல் சொந்த ஊர்ல வெரைட்டி ஹால்னு நிரந்தரக் கொட்டகை கட்டினார். அது பின்னாடி டிலைட் தியேட்டர் ஆச்சு. கோவையில வெரைட்டி ஹால் ரோடுன்னு பேர் வந்தது அதனாலதான். பேசும் படம் வந்ததும் கல்கத்தா பயனியர் கம்பெனியோட சேர்ந்து 1933-ல் 'வள்ளி திருமணம்' எடுத்தார். டி. பி. ராஜலட்சுமி நடிச்சது. 1942-ல் காலமானார்.

அசையும் படம் வந்ததும் அசையாத ஸ்லைடு செத்துடுச்சான்னா, இல்லை. டூரிங் டாக்கீஸ்கள்ல பெரும்பாலும் ஒரே ப்ரொஜெக்டர்தான். ஒரு சுருள் முடிஞ்சா கழட்டி அடுத்ததை மாட்டணும், அதனால ஒரே படத்துக்கு மூணு நாலு இடைவேளை. அந்த இடைவெளியில திரையில வர்றது ஸ்லைடு. ஜவுளிக்கடை, பல்பொடி, சைக்கிள் கடை. வெத்தலை போட்டுத் துப்பாதீர். உள்ளூர்லயே கண்ணாடித் துண்டுல மசி தடவி, குச்சியால கீறி எழுதுவாங்க. பெரிய தியேட்டர்கள்லயும் படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சில சமயம் திரை ஓரத்துல அவசரமாக் கிறுக்கின ஒரு வரி வந்து நிக்கும். இன்னார், இன்ன தெரு, உடனே வெளியே வரவும். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கற இருட்டுல ஒரே ஒருத்தருக்காகச் செஞ்ச ஸ்லைடு அது. யாரோ எழுந்து, காலை மிதிச்சுக்கிட்டு, கதவுப் பக்கம் போவாங்க. கதவு திறந்து மூடற வெளிச்சத்துல எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க, அப்புறம் ஆபரேட்டர் அந்தக் கண்ணாடியை உருவிடுவார்.